தொண்டையில் கத்தி வைக்கலாமா? - குறட்டைக்கு ஒரு வரலாறு

குறட்டை என்றால் நம் வீடுகளில் சிரிப்புதான். கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து வரிசையாகப் படுத்திருக்கும்போது, எந்தப் பெரியப்பா எந்த ராகம் என்று கேலி பண்ணியே வளர்ந்தவர்கள் நாம். புனேயில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினால், சோலாப்பூர் வருவதற்குள் எந்த பெர்த்தில் லாரி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் :-)

ஆனால் அந்த லாரி திடீரென்று நின்றுபோய், பத்து இருபது விநாடி சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு ஒரு பெரிய உறுமலோடு மறுபடி கிளம்பினால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்தப் பத்து இருபது விநாடியும் அந்த மனிதருக்கு மூச்சு போகவில்லை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்று போகும் வழி மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. வழி திறக்கிறது, மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இது ஒரு இரவில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கலாம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. இதற்குப் பெயர்தான் ஸ்லீப் ஆப்னியா.

புனேயில் பொட்டி தட்டுகிற நம் கூட்டத்தில் நாற்பதைத் தாண்டியவர்கள் நடுவே அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "டாக்டர் தொண்டையில் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்றார். பண்ணிக்கலாமா?" எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. அதனால்தான் படிக்க ஆரம்பித்தேன். இந்த வியாதிக்குப் பெயர் வந்து அறுபது எழுபது வருடம்தான் ஆகிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடுகிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனை ரத்து செய்யவும் வேண்டாம், தேதி குறிக்கவும் வேண்டாம்.

*

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1836-37ல் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' எழுதினார். அதில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருகிறான். நின்றபடி தூங்குவான், வேலை சொன்னால் தூங்குவான், தூங்கும்போது குறட்டை வேறு. டிக்கன்ஸுக்கு அவன் ஒரு நகைச்சுவைப் பாத்திரம். மருத்துவர்கள் அவனை ஒரு நோயாளியாகப் பார்க்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

1956ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி பர்வெல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களிடம் வந்த நோயாளி 51 வயது, நல்ல பருமன். வாராவாரம் போக்கர் சீட்டு ஆடுகிறவர். ஒருநாள் கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா. போக்கரில் அடித்து ஆடவேண்டிய கை அது. மனிதர் அந்த இடத்திலேயே தூங்கிப்போய் ஆட்டத்தைக் கோட்டை விட்டார். சில நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டிக்கன்ஸின் ஜோவை நினைத்து, இதற்கு 'பிக்விக்கியன் சின்ட்ரோம்' என்று பர்வெல் குழு பெயர் வைத்தது.

அவர்கள் சொன்ன காரணம் பருமன். உடம்பு பெருத்ததால் மூச்சு முழுசாக இழுக்க முடியவில்லை, ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறது, அதனால் தூக்கம் வருகிறது என்றார்கள். அதில் உண்மை இருந்தது. ஆனால் இரவில் அந்த மனிதரின் தொண்டையில் என்ன நடக்கிறது என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர்கள் 1965ல் வந்தார்கள். பிரான்சின் மார்சேய் நகரில் காஸ்தோ குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும் தனித்தனியாக, தூங்குகிற நோயாளிகளின் மூளை அலைகளையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது அதில் தெரிந்தது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடுகின்றன, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. ஆக, அடைப்பு மேலே தொண்டையில் இருக்கிறது!

அடைப்பு தொண்டையில் என்றால் என்ன செய்வது? அன்றைக்குத் தோன்றிய வழி நேரடியானது, கொஞ்சம் கொடூரமானதும்கூட. தொண்டையைத் தாண்டி, அதற்குக் கீழே கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாயில் ஒரு குழாய் சொருகிவிடு. இதுதான் டிராக்கியாஸ்டமி. 1969ல் கூலோ குழு இப்படிச் செய்து நோயாளிகள் குணமானதை எழுதியது. பகலில் குழாயை மூடிக்கொண்டு பேசலாம், இரவில் திறந்துவிட்டுத் தூங்கலாம். வியாதிக்கு இது கிட்டத்தட்ட முழுத் தீர்வு. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் ஓட்டை. சளி, கிருமித் தொற்று, குளிக்கப் பயம், நாலு பேர் முன்னால் போகக் கூச்சம். அடுத்து நடந்த எல்லாமே இந்த ஓட்டையிலிருந்து தப்பிக்க மனிதர்கள் செய்த முயற்சிகள்தான்.

1976ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கில்லெமினோவும் வில்லியம் டிமென்ட்டும் சேர்ந்து எழுதிய கட்டுரையோடுதான் 'ஸ்லீப் ஆப்னியா சின்ட்ரோம்' என்ற பெயர் நிலைத்தது. குண்டாக இல்லாதவர்களுக்கும் இது வரும் என்று அவர்கள் காட்டினார்கள். பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நம் ரிப்போர்ட்டில் இருக்கும் ஏ.ஹெச்.ஐ. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது என்ற எண் அது. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் பற்றிய வாதம் முழுக்க இதைச் சுற்றித்தான்.

*

1981. ஒரே வருடத்தில் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று கத்தி, இன்னொன்று காற்று.

கத்தியின் கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. இகேமட்சு என்ற மருத்துவர் 1950களிலேயே குறட்டையை நிறுத்துவதற்காக உள்நாக்கையும் அதைச் சுற்றியுள்ள தொங்கு சதையையும் வெட்டிச் சரிசெய்யும் ஆபரேஷனைச் செய்துவந்தார். அவருடைய நோக்கம் குறட்டை மட்டும்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் இருந்த ஷிரோ ஃபுஜிதா, அதையே கொஞ்சம் மாற்றி ஸ்லீப் ஆப்னியாவுக்குப் பயன்படுத்தினார். டான்சில் இருந்தால் எடுப்பது, உள்நாக்கை எடுப்பது, மேலண்ணத்தின் பின்பக்கம் இருக்கும் மென்மையான பகுதியைக் குறைத்துத் தைப்பது. 1981ல் 12 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். இந்த ஆபரேஷனின் முழுப்பெயர் 'யுவலோ பேலட்டோ ஃபேரிங்கோ பிளாஸ்டி'. ஒரே மூச்சில் சொன்னால் உங்களுக்கு ஆப்னியா இல்லை என்று அர்த்தம் :-) டாக்டர்கள் சுருக்கமாக 'யூ ட்ரிபிள் பி' என்பார்கள்.

காற்றின் கதை ஆஸ்திரேலியாவின் சிட்னியில். காலின் சல்லிவன் அதற்கு முன்னால் கனடாவில் நாய்களை வைத்து, தூக்கத்தில் மூச்சு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். நாய்களின் மூக்குக்கு முகமூடி செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1980ல் சிட்னியில் கடுமையான ஆப்னியா உள்ள ஒருவருக்கு டிராக்கியாஸ்டமி செய்யவேண்டும் என்றார்கள். அவருக்கு இஷ்டமில்லை. வேறு வழி இருந்தால் முயற்சி செய்யத் தயார் என்றார். சல்லிவன் வேக்வம் க்ளீனர் மோட்டாரை வைத்து ஒரு ஊதுகருவி செய்து, அதை மூக்கு முகமூடியோடு இணைத்தார். மூக்கு வழியாகப் போகும் காற்றின் அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் என்பது யோசனை. சைக்கிள் ட்யூபில் காற்று இருக்கும்வரை அது ஒட்டாது இல்லையா, அதேதான். அழுத்தத்தை ஏற்ற ஏற்ற அடைப்பு விலகி, அந்த மனிதர் மணிக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கினார். 1981 ஏப்ரலில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. இன்று சி-பேப் என்று எல்லோரும் சொல்லும் கருவி அதுதான்.

இரண்டுமே கழுத்தில் ஓட்டை வேண்டாம் என்பதற்காகப் பிறந்தவை. ஆரம்பத்தில் ஜெயித்தது கத்திதான். காரணம் சுலபம். அந்தக் கால சி-பேப் பெரிய சத்தம், முகமூடியைப் பசைபோட்டு முகத்தில் ஒட்டவேண்டும். ஆபரேஷனோ ஒரு தடவை, பிறகு மறந்துவிடலாம் என்று சொன்னார்கள். நமக்கும் 'ஒரு தடவை பண்ணிட்டா முடிஞ்சுது' என்பதுதானே பிடிக்கும்?

*

முடிந்ததா என்பதுதான் கேள்வி.

1996ல் ஷெர், ஷெக்ட்மன், பிச்சிரில்லோ மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். யூ ட்ரிபிள் பி வெற்றி பெற்றது சுமார் 41 சதவீதம் பேரிடம். பாதிக்கும் குறைவு. அதைவிட முக்கியம், வெற்றி என்று எதைச் சொன்னார்கள் என்பது. ஆபரேஷனுக்குப் பிறகு எண் பாதியாகக் குறைந்து, 20க்குக் கீழே வந்தால் வெற்றி. அதாவது 60ல் இருந்த ஒருவர் 19க்கு வந்தால் அவர் 'வெற்றி' பட்டியலில். ஆனால் 19 என்பது இன்னும் நடுத்தர ஆப்னியா. டாக்டர் "சக்சஸ்" என்று சொல்லும்போது நம் காதில் "குணம்" என்று விழுகிறது. இரண்டும் வேறு.

ஏன் இப்படி? தொண்டை ஒரே இடத்தில் மூடுவதில்லை. மேலே மென்மையான அண்ணத்தில் மூடலாம். கீழே நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூடலாம். பக்கச் சுவர்கள் உள்ளே ஒடுங்கலாம். பலருக்கு இதில் இரண்டு மூன்று சேர்ந்தே நடக்கும். அண்ணத்தை மட்டும் சரிசெய்தால், கீழே நாக்கால் அடைபடுகிறவருக்கு என்ன பயன்? வாசல் கதவை அகலப்படுத்திவிட்டு, உள்ளே நடையில் பீரோவை அப்படியே விட்டமாதிரி.

2002ல் சிகாகோவின் மைக்கேல் ஃப்ரீட்மன் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். வாயைத் திறந்தால் நாக்கு எவ்வளவு மறைக்கிறது, டான்சில் எவ்வளவு பெரிது, எடை எவ்வளவு என்ற மூன்றை வைத்து நோயாளிகளை வகைப்படுத்தினார். பெரிய டான்சில், தாழ்ந்த நாக்கு உள்ள முதல் வகையில் சுமார் 80 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் பலித்தது. சிறிய டான்சில், மறைக்கும் நாக்கு உள்ள மூன்றாம் வகையில் 8 சதவீதம்தான். ஒரே ஆபரேஷன், ஒருவருக்குப் பத்தில் எட்டு, இன்னொருவருக்குப் பத்தில் ஒன்றுகூட இல்லை. "இந்த ஆபரேஷன் நல்லதா?" என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. "என் தொண்டைக்கு நல்லதா?" என்றுதான் கேட்கவேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி 1991லேயே லண்டனில் வந்துவிட்டது. க்ராஃப்ட், பிரிங்கிள் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளியை மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, எங்கே மூடுகிறது என்று நேரிலேயே பார்த்தார்கள். இதற்கு ஸ்லீப் எண்டோஸ்கோபி என்று பெயர்.

பக்க விளைவுகளையும் சொல்லவேண்டும். பெரியவர்களுக்குத் தொண்டை ஆபரேஷன் என்றால் ஒன்றிரண்டு வாரம் எச்சில் விழுங்கினாலே உயிர் போகும் வலி. சிலருக்குத் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். குரல் கொஞ்சம் மாறலாம், தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு தங்கலாம். 2004ல் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் 3130 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். கடுமையான சிக்கல் சுமார் 1.5 சதவீதம், ஒரு மாதத்துக்குள் மரணம் 0.2 சதவீதம். சிறிய எண்கள்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. இன்னொரு ஆபத்து வெளியே தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு குறட்டை நின்றுவிடும், ஆனால் அடைப்பு தொடரும். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத் தூங்குவார்கள், அவருக்கு மட்டும் சத்தமில்லாமல் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி ஸ்லீப் ஸ்டடி கட்டாயம் என்கிறார்கள். அண்ணத்தை அதிகமாக வெட்டிவிட்டால், பின்னால் சி-பேப் போட்டாலும் காற்று வாய்வழியே கசிந்து அது சரியாக ஒத்துவராமல் போவதும் உண்டு.

*

இவ்வளவு சொன்னதால் ஆபரேஷனே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். கதை அங்கே நிற்கவில்லை.

அளவாக வெட்டுவது, வெட்டுவதைவிடத் தசையைத் திருப்பித் தைப்பது என்று முறைகள் மாறின. 2007ல் சிங்கப்பூரின் கென்னி பாங்கும் அமெரிக்காவின் டக்கர் வுட்சனும் தொண்டையின் பக்கச் சுவர்த் தசையைத் திருப்பித் தைத்து வழியை அகலமாக்கும் முறையை வெளியிட்டார்கள். 2013ல் ஸ்டாக்ஹோமில் 65 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு நேர்மையான சோதனை நடந்தது. ஆபரேஷன் செய்தவர்களின் எண் ஆறு மாதத்தில் சராசரி 53லிருந்து 21க்கு வந்தது. காத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2020ல் ஆஸ்திரேலியாவில் 102 பேரிடம் அண்ணத்தையும் நாக்கின் அடிப்பகுதியையும் சேர்த்துச் சரிசெய்து பார்த்தார்கள். ஆபரேஷன் குழுவில் 48லிருந்து 21, மற்றவர்களில் 45லிருந்து 35. இந்த இரண்டு சோதனைகளிலும் கலந்துகொண்டவர்கள் சி-பேப் போன்ற வழிகளை ஏற்கெனவே முயன்று ஒத்துவராதவர்கள் அல்லது வேண்டாம் என்றவர்கள். முதல் வழியாக அல்ல, அடுத்த வழியாக ஆபரேஷன் நல்ல பலன் தருகிறது என்பது இதில் தெரிகிறது.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான். 2013ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரில், ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கும் காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் ஸ்லீப் ஸ்டடி சரியானது. காத்திருந்தும் பாதிப் பேருக்குச் சரியாகியிருப்பதையும் கவனியுங்கள். அப்பாவின் தொண்டையையும் பிள்ளையின் தொண்டையையும் ஒரே கணக்கில் போடக்கூடாது.

காற்றும் சகலரோக நிவாரணி இல்லை. 2016ல் இந்தியா உட்படப் பல நாடுகளில் 2717 இதய நோயாளிகளை வைத்து நடந்த 'சேவ்' ஆய்வில், சி-பேப் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக ஒரு இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை நன்றாக இருந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. அலமாரியில் இருக்கும் கருவி யாருடைய தொண்டையையும் திறக்காது. 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சில் கலக்கலாம் என்று லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது. அதை நம்பித் தூங்கியவர்கள் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சில் பதிக்கும் முறைக்கு 2014ல் அமெரிக்கா அனுமதி தந்தது. 2024 டிசம்பரில், பருமனும் ஆப்னியாவும் சேர்ந்தவர்களுக்கு டிர்செபடைட் என்ற எடைகுறைப்பு ஊசியை அங்கே அனுமதித்தார்கள். இந்த வியாதிக்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். 1981ல் இரண்டாக இருந்த வழி இன்று நாலைந்து.

*

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். "இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, பீஃப் சாப்பிட்டுக் குண்டானவனுக்கு வருவது" என்று ராஸ்தா பேட்டையில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். இல்லை. 2004ல் மும்பை இந்துஜா ஆஸ்பத்திரியின் ஸரீர் உத்வாடியா குழு, சாதாரண ஹெல்த் செக்கப்புக்கு வந்த 35 முதல் 65 வயது ஆண்கள் 658 பேரை ஆராய்ந்தது. தூக்கத்தில் மூச்சுக் கோளாறு 19.5 சதவீதம், பகல் தூக்கமும் சேர்ந்த ஆப்னியா 7.5 சதவீதம். 1993ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த பெரிய ஆய்வில் ஆண்களில் இந்த இரண்டாவது எண் 4 சதவீதம்தான். 2023ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கில் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம், அதாவது சுமார் பத்து கோடிப் பேர். ஆசியர்களுக்குத் தாடை எலும்பின் அமைப்பு காரணமாக, அவ்வளவு பருமன் இல்லாவிட்டாலும் இது வருகிறது. தொப்பை மட்டும் இருக்கும் நம் மாதிரி ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது, ஆஸ்பத்திரி சொன்ன காரணங்களில் ஸ்லீப் ஆப்னியாவும் இருந்தது. இந்தப் பெயரையே பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு பிரச்சினை, பணம். கம்பெனி மெடிக்ளெய்மில் அட்மிட் ஆகி ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காசு வந்துவிடும். ஆனால் பல பாலிசிகளின் 'பணம் தராத பொருட்கள்' பட்டியலில் சி-பேப் இருக்கிறது. ஆக, கைக்காசு போடாமல் கிடைப்பது கத்தி, கைக்காசு போட்டு வாங்கவேண்டியது காற்று. இது வைத்தியக் காரணம் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் நம் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாமே கவனித்துக்கொள்வது நல்லது.

*

ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற யோசனைக்குப் புனேயில் ஒரு பிரபலமான முன்கதை உண்டு. தொண்டை ஆபரேஷன் இல்லை, குடல்வால். ஆனால் இப்போதைய கேள்விக்கு அது பொருந்தும்.

1924 ஜனவரி 12. எரவாடா சிறையில் இருந்த காந்திக்குக் கடும் வயிற்று வலி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கர்னல் மேடக் என்ற ஆங்கிலேய சர்ஜன், அப்பென்டிசைட்டிஸ், உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். 1909ல் 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் ஆஸ்பத்திரிகளையும் மேல்நாட்டு வைத்தியத்தையும் வெளுத்து வாங்கியவர் காந்தி. பம்பாயிலிருந்து அவருக்குத் தெரிந்த டாக்டர்கள் வந்துசேர நேரமில்லை. அவர் கூப்பிட்டு அனுப்பிய நண்பர்களில் ஒருவர், வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, புனேயில் கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராக இருந்த நம் சீனிவாச சாஸ்திரி. அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஆனாலும் அந்த இரவில் காந்தியின் சம்மதக் கடிதத்தை எழுதியவர் அவர்தான். காந்தி அதைப் படித்து, நடுங்கும் கையால் பென்சிலில் கையெழுத்துப் போட்டார். மேடக்மேல் தனக்கு நம்பிக்கை இருக்கிறது, அவரே செய்யட்டும் என்பது அதன் சாரம். ஆபரேஷன் நடுவே மின்சாரம் போய், லாந்தர் வெளிச்சத்தில் முடித்தார்கள். பிப்ரவரி 5 அன்று அரசு அவரை விடுதலை செய்தது.

குடல்வால் வெடித்தால் உயிர் போகும், அவருக்கு யோசிக்கக் கிடைத்தது சில மணி நேரம். அந்த நிலையிலும் யார் செய்யப்போகிறார், ஏன் இப்போதே, தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். நமக்கோ ஆப்னியா ஆபரேஷனில் அந்த அவசரம் அனேகமாகக் கிடையாது. வாரங்கள், மாதங்கள் இருக்கின்றன. சி-பேப்பை இன்றிரவே போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கழற்றி வைக்கலாம். வெட்டிய அண்ணத்தைத் திரும்ப ஒட்டமுடியாது. எதைத் திரும்பப் பெறமுடியுமோ அதை முதலில் முயற்சி செய்வது என்ற வரிசை சாமானியப் புத்திக்கே எட்டக்கூடியது.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் எண் 38. முதலில் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் பத்து நிமிடத்தில் தேதி கேட்டார். நான் நேரம் கேட்டேன். இன்னொரு டாக்டரிடம் போனபோது, டான்சில் சிறிது, நாக்கு பாதி மறைக்கிறது என்று தெரிந்தது. ஃப்ரீட்மன் பட்டியலில் என் இடம் எது என்று உங்களுக்கே புரிந்திருக்கும். நான் கருவியைத் தேர்ந்தெடுத்தேன். முதல் மூன்று வாரம் நரகம். முகமூடியை மூன்று தடவை மாற்றினேன். "யானை மாதிரி இருக்கீங்க" என்றாள் தங்கமணி :-) இப்போது இரவு ஆறு மணி நேரம் போடமுடிகிறது, ரிப்போர்ட்டில் எண் 4. ஊருக்குக் காரில் போகும்போது கம்பாட்கி காட் தாண்டியதும் கண் சொக்குவது நின்றுவிட்டது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கும்போது இதைவிடப் பெரிய லாபம் எனக்கு வேண்டியதில்லை.

ஆனால் என் பதில் உங்கள் பதில் ஆகாது. எங்கள் குடியிருப்பிலேயே பெரிய டான்சில் உள்ள ஒரு நண்பர், ஆறு மாதம் கருவியோடு மல்லுக்கட்டித் தோற்றபிறகு ஆபரேஷன் செய்துகொண்டார். மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்தார். நன்றாக இருக்கிறார். அவருக்கு அதுதான் சரி.

டாக்டரிடம் கேட்கவேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்:

1. என் ஏ.ஹெச்.ஐ. எவ்வளவு? (ஸ்லீப் ஸ்டடி எடுக்காமல் ஆபரேஷன் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடலாம்.)

2. என் தொண்டை எங்கே மூடுகிறது? எப்படிப் பார்த்தீர்கள்?

3. என் டான்சில், நாக்கு, எடை இருக்கும் நிலையில், என்னைப் போன்றவர்களில் பத்தில் எத்தனை பேருக்குப் பலித்தது?

4. வெற்றி என்று நீங்கள் சொல்வது எந்த எண்ணை?

5. சி-பேப்பை நான் சரியான முகமூடியோடு, போதுமான நாள் போட்டுப் பார்த்தேனா?

6. ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது மறுபடி ஸ்லீப் ஸ்டடி?

இந்த ஆறுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் டாக்டர் கத்தியை எடுக்கலாம் என்றால், தாராளமாக யோசிக்கலாம். கேள்விக்கே எரிச்சல்படுகிறவர் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். ஊரில் அப்பா, பெரியப்பா யாராவது குறட்டை நடுவே சத்தமில்லாமல் போகிறார்களா என்று அடுத்தமுறை போகும்போது கொஞ்சம் கவனியுங்கள். அவர்களை வைத்துச் சிரித்தது போதும், ஒரு ஸ்லீப் ஸ்டடிக்கு அழைத்துப் போகலாம்.